வாசகர் கேள்வி–பதில்: காவடி இறக்கிய மறுநாள்

ஜனவரியில் எடுத்த தீர்மானங்கள் மார்ச் மாதத்தில் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களே சொல்லிவிடும். இம்மாதம் வந்தவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன். அரசாங்கக் கிளினிக்குகளில் உணவியல் ஆலோசகராக இருந்த காலத்தில் நேரில் கேட்ட அதே கேள்விகள்தாம் இவை. அப்போது ஒருவருக்குப் பத்து நிமிடம்தான் ஒதுக்க முடியும் என்பதால் சொல்லாமல் விட்டவற்றை இப்போது சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 58. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாள் தாவரவியல் பூங்காவில் நடைப்பயிற்சியைத் தொடங்குவேன். 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பியதை நம்பி, இவ்வாண்டு ஐந்து வாரம் காலையில் நடந்தேன். சீனப் புத்தாண்டு விடுமுறைக்குக் கோலாலம்பூரில் உள்ள மகள் வீட்டுக்குச் சென்று ஆறு நாள் தங்கினேன். திரும்பி வந்தபின் ஒரு நாள்கூடப் போகவில்லை. உங்களுக்கு மன உறுதியே கிடையாது என்கிறார் என் மனைவி. உண்மைதானா?
வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: ஐயா, கணவன் மனைவி வழக்கில் தீர்ப்புச் சொல்வது இந்தப் பகுதியின் வேலை அன்று. ஆனாலும் ஐந்து வாரம் இருட்டோடு எழுந்து புறப்பட்ட ஒருவருக்கு மன உறுதி இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்டின் தொடக்கத்தில் பினாங்கில் சூரியன் உதிக்கவே ஏறத்தாழ ஏழரை மணி ஆகிவிடுகிறது என்பதை நாம் அறிவோம்.

முதலில் அந்த 21 நாள் கணக்கைப் பார்ப்போம். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். கைமாறிக் கைமாறி வந்ததில் 'குறைந்தது' என்ற சொல் உதிர்ந்துபோக, கண்ணாடியில் முகம் பார்க்கப் பழகும் கணக்கு, காலணி மாட்டிக்கொண்டு வெளியே நடக்கும் கணக்காக மாறிவிட்டது. பழக்கம் உருவாகும் காலத்தை உண்மையிலேயே அளந்து பார்த்தவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஃபிலிப்பா லாலி. அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் கலந்துகொண்டு, மதிய உணவோடு ஒரு பழம் உண்பது, இரவு உணவுக்கு முன் கால் மணி நேரம் ஓடுவது போன்ற ஒரு செயலை நாள்தோறும் செய்து பதிவு செய்தனர். அச்செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்டுவதற்கான காலம் 18 நாளிலிருந்து 254 நாள்வரை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. நடுவில் நின்ற கணக்கு 66 நாள். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள் விரைவில் படிந்தன. உடற்பயிற்சி மெதுவாகவே படிந்தது. ஆகவே ஐந்து வாரத்தில் நீங்கள் வழியின் பாதிக்கு வந்திருந்தீர்கள் என்று சொல்வதே பொருத்தம்.

அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி உங்களுக்கு ஆறுதல் தரும். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. உங்களுக்குத் தவறியது ஆறு நாள்தான் என்றாலும், அதைவிட முக்கியமானது, மகள் வீட்டில் உங்கள் நடையைத் தூண்டிவிடும் எதுவும் இல்லாமல் போனது. வாசலில் கிடக்கும் காலணி, கார் சாவி, பூங்காவின் வாசலில் தலையாட்டும் நண்பர்கள் எல்லாம் பினாங்கிலேயே இருந்துவிட்டன. திரும்பி வந்தபோது அந்தச் சங்கிலியைப் பிடிக்க எந்த நாள், எந்த மணி என்று நீங்கள் குறித்து வைத்திருக்கவில்லை. 'நாளைக்குப் போகலாம்' என்பது தேதியே ஆகாது.

2002இல் பிரிட்டனில் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. உடற்பயிற்சியின் நன்மைகளைப் படிக்கக் கொடுக்கப்பட்டவர்களுள் அடுத்த வாரம் ஒரு முறையாவது பயிற்சி செய்தவர்கள் 35 விழுக்காட்டினர். எதுவும் கொடுக்கப்படாதவர்களில் 38 விழுக்காட்டினர். அந்த நன்மைகளைப் படித்ததோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வேன் என்று ஒரு வரி எழுதியும் கொடுத்தவர்களில் 91 விழுக்காட்டினர் செய்தனர். படித்ததனால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்பது, பல ஆண்டுகள் கையேடுகளை அள்ளி விநியோகித்த எனக்குச் சற்றுக் கசப்பான செய்திதான்.

அடுத்த முறை ஊருக்குக் கிளம்புமுன், 'வியாழன் இரவு திரும்புகிறேன், வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குப் பூங்கா' என்று எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள். மகள் வீட்டில் இருக்கும் நாள்களில் காலைத் தேநீர் குடித்ததும் அந்தக் குடியிருப்புத் தாமானைப் பத்து நிமிடம் சுற்றி வந்தால் போதும். அது உடலுக்காக அன்று, சங்கிலி அறுந்துவிடாமல் இருப்பதற்காக. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு. நாளுக்கு அரை மணி நேரம் என்று ஐந்து நாள் நடந்தாலே அது நிறைவேறிவிடும். அக்டோபர் மழைக்கும் இப்போதே ஒரு மாற்றிடம் குறித்துவையுங்கள். பூங்காவுக்குப் போகும்போது கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம் என்பதை அங்குள்ள குரங்குகள் உங்களுக்கு ஏற்கெனவே கற்பித்திருக்கும்.

கேள்வி: என் கணவருக்கு நீரிழிவு நோய் உண்டு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் காவடி எடுப்பதற்காக 48 நாள் சைவ விரதம் இருப்பார். அந்நாள்களில் சிகரெட் இல்லை, பீர் இல்லை, மாலையில் பலகாரம்கூட இல்லை. எடை குறைந்து, முகமே தெளிந்துவிடும். ரதம் திரும்பிய மறுநாள் ஆட்டிறைச்சி வாங்கி வந்து நிற்பார். மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிடுகிறார். 48 நாள் முடிந்தவரால் ஏன் 365 நாள் முடியவில்லை?
வாசகி, ஜெலுத்தோங்

பதில்: அம்மா, இம்மாதம் வந்த கடிதங்களிலேயே என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். நல்ல பழக்கத்தைப் பற்றி நம்மவர்களுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை; விரதம் என்ற பெயரில் அதன் சூத்திரம் முழுவதும் நம் வீட்டிலேயே இருக்கிறது.

உங்கள் கணவர் விரதத்தில் வெல்வது ஏன் என்று பாருங்கள். தொடங்கும் நாள் உறுதியாகத் தெரியும். விதியில் தெளிவு உண்டு. 'இன்று ஒரு துண்டு மீன் மட்டும்' என்ற பேரம் அவருக்குள் எழுவதே இல்லை, எழாததால் அதோடு போராடிக் களைக்கவும் வேண்டியதில்லை. சமையலறையே அவருக்காக மாறிவிடுகிறது: தனிச் சட்டி, தனிக் கரண்டி, குளிர்பெட்டியில் இறைச்சி இல்லை. வேலையிடத்தில் எல்லாருக்கும் தெரியும் என்பதால், மாலையில் 'வாடா, ஒன்று குடிப்போம்' என்று அழைப்பவரும் அழைப்பதில்லை. இத்தனைக்கும் மேலாக, எடையைவிடப் பெரிய ஒரு காரணம் அவருக்கு இருக்கிறது. இவ்வளவும் ஒருசேர இருந்தால் எவருக்கும் உறுதி வரும்.

காவடி இறங்கியதும் அவ்வளவும் ஒரே நாளில் கலைக்கப்படுகின்றன. சட்டி மாறுகிறது, நண்பர்கள் திரும்புகிறார்கள், விதி முடிகிறது. விரதம் என்பதே முடிவு நாளோடு பிறந்தது. அது அதன் குறையன்று, இயல்பு. ஆகையால் 'விரதத்தையே ஆண்டு முழுதும் நீட்டுங்கள்' என்று அவரிடம் சொல்லாதீர்கள். அது நிற்காது, உடையும்போது குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டு, உடைந்ததற்கு ஈடாக இரட்டிப்பாக உண்ணச் செய்யும்.

விரதத்திலிருந்து இரண்டே இரண்டைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தேர்ந்தெடுக்கும் பேச்சை ரதம் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளாமல், நாற்பதாவது நாள் வாக்கில், அவர் தெளிவாக இருக்கும்போதே வைத்துக்கொள்ள வேண்டும். சிகரெட் அவற்றுள் முதலாவதாக இருக்கட்டும். நீரிழிவோடு புகையும் சேர்ந்தால் இதயத்துக்கும் கால் இரத்தக் குழாய்களுக்கும் வரும் கேடு பன்மடங்காகும். 48 நாள் புகைக்காத ஒருவர் அந்தப் போரின் கடினமான பகுதியைக் கடந்துவிட்டார் என்றே நான் கருதுவேன். ஆண்டுதோறும் அந்த வெற்றியை ஒரே மாலையில் கைவிடுவதைப் பார்க்கத்தான் மனம் பொறுக்கவில்லை.

இரண்டாவது, சோற்றின் அளவு. இதை அவரிடம் விட்டுவிடாமல் பாத்திரத்திடம் விடுங்கள். சோற்றுப் பானையோடு வரும் குவளை ஏறத்தாழ 180 மில்லிலிட்டர் கொள்ளும். நால்வருக்கு மூன்று குவளை அரிசி போடும் வீடாக இருந்தால் இரவில் இரண்டாகக் குறைத்து, கீரையையோ பயற்றங்காயையோ ஒரு கட்டு கூடுதலாகச் சமையுங்கள். பானையில் இல்லாத சோற்றை இரண்டாம் முறை போட்டுக்கொள்ள முடியாது. போட்டுக்கொள்ளாதே என்று நீங்கள் சொல்லவும் வேண்டியிருக்காது. 'சுக்கு சுக்கு செப்பாரோ' (கால், கால், பாதி) என்று நம் மலேசியச் சுகாதார அமைச்சு சொல்லும் தட்டில் கால்பங்கு சோறு, கால்பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் பழமும். நம் வாழையிலையிலோ அந்தப் பாதியைச் சோறு எப்போதோ குடியேறிப் பிடித்துக்கொண்டது.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. 2019இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு. கூடவே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் நாளுக்கு ஒரு வேளை மட்டும் உண்டு விரதம் இருந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அடுத்த விரதம் தொடங்குமுன் கிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளட்டும். விரதத்தைக் கேலி செய்வார்களோ என்று தயங்கிச் சொல்லாமல் விட்டவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிஃப்ட். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. 'தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள்' என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு ஒரே நேரம் என்பதே கிடையாது. நான் என்ன செய்வது, அக்கா?
வாசகி, கெலுகோர்

பதில்: தங்கச்சி, அந்த அறிவுரை அலுவலகத்தில் ஒன்பது மணிக்கு உட்கார்ந்து ஐந்து மணிக்கு எழுபவர்களுக்காகச் சொல்லப்பட்டது. கடிகாரத்தை விட்டுவிடுங்கள். இரண்டு ஷிஃப்டிலும் மாறாமல் நடப்பவை எவை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தூங்கி எழுவது, குளிப்பது, சீருடை மாட்டுவது, தொழிற்சாலைப் பஸ்ஸுக்குக் காத்திருப்பது, முதல் இடைவேளை என்று ஐந்தாறு தேறும். இவைதாம் உங்கள் கடிகாரம். 'இது நடந்தவுடன் அதைச் செய்வேன்' என்று ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போடும் இந்த முறையைப் பற்றி உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விரிவாக எழுதினார். அதற்குப் பின் எத்தனையோ ஆய்வுகளில் அது பலன் தந்திருக்கிறது.

எடுத்துக்காட்டாக, எழுந்து பல் துலக்கியதும் இருபது நிமிடம் அடுக்குமாடியைச் சுற்றி நடப்பது. பகல் ஷிஃப்டில் அது விடியலுக்கு முன் வரும், இரவு ஷிஃப்டில் மாலையில் வரும், ஆனால் முடிச்சு ஒன்றுதான். இரவு வேலை முடிந்து வரும் காலையில் மட்டும் நடைப்பயிற்சி வேண்டாம். அந்த நேரத்து வெயில் வெளிச்சம் கண்ணில் பட்டால் உடல் பொழுது விடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளும். பிறகு தூக்கம் பிடிக்காது. கறுப்புக் கண்ணாடி அணிந்து நேரே வீட்டுக்குப் போய், திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுங்கள்.

விடிகாலை மூன்று மணி கேண்டீன்தான் உங்களுடைய உண்மையான சோதனை. பசி, தூக்கம், சலிப்பு மூன்றும் ஒன்றாக வரும் அந்த வேளையில் எண்ணெய் மினுக்கும் மேகி கோரேங்கை மன உறுதியால் வெல்வது எனக்கும் முடியாது. புறப்படும்போதே இரண்டு அவித்த முட்டை, ஒரு கொய்யா, கொஞ்சம் அவித்த கடலை என்று ஒரு டப்பாவில் போட்டு, சீருடைப் பையின் மேலேயே வைத்துவிடுங்கள். இடைவேளை மணி அடித்ததும் கேண்டீன் வரிசையில் நிற்பதற்கு முன் டப்பாவைத் திறப்பது என்பது மட்டும் விதி. அதன் பிறகும் பசித்தால் வாங்கிச் சாப்பிடுங்கள். பெரும்பாலான இரவுகளில் பசிக்காது.

கேள்வி: மாலையில் நண்பர்களோடு மாமாக் கடையில் இரண்டு தே தாரிக் குடிப்பேன். 'குராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்றுதான் கேட்கிறேன். இது போதுமா?
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: போதாது, தம்பி. 'குராங் மானிஸ்' என்பது உங்கள் நாக்கில் இல்லை, தேநீர் கலக்குபவரின் கையில் இருக்கிறது. அவர் கலக்குவதை ஒருநாள் அருகில் நின்று பாருங்கள். கெட்டிப் பால் டின்னிலிருந்து பால் கயிறு போல் இறங்கிக் குவளையின் அடியில் இரண்டு விரல் உயரம் நிற்கும். குறைத்துக் கேட்டால் ஒன்றரை விரல். அந்தப் பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனி. 'பால்' என்று நாம் சொன்னாலும் கடைகளில் இருக்கும் பல டின்களின் மேல் எழுதியிருப்பது 'கிரிமர்'தான். அதில் பாலோடு செம்பனை எண்ணெயும் கலந்திருக்கும்.

நாள் ஒன்றுக்குச் சேர்க்கப்படும் சீனி ஏறத்தாழ 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. இரண்டு குவளைத் தே தாரிக்கிலேயே அந்த எல்லை தாண்டிவிட வாய்ப்புண்டு. எல்லை தெளிவாக இருக்கும் சொல்லைக் கேளுங்கள். 'தே சி கொசோங்' என்றால் இனிப்பில்லாத ஆவிப்பால் ஊற்றி, சீனி இல்லாமல் வரும்; அதில் யாரும் அளவு பார்க்க வேண்டியதில்லை. முதல் குவளை அப்படி, இரண்டாவது உங்கள் விருப்பம் என்று ஒரு மாதம் இருந்து பாருங்கள். முதல் வாரம் மருந்து போல இருக்கும். நண்பர்கள் 'சீனி வியாதியா?' என்று கேட்பார்கள். இரண்டும் சில வாரத்தில் தீர்ந்துவிடும்.

கேள்வி: நாளுக்குப் பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டுமா? என் கைக்கடிகாரம் திட்டுகிறது.
வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: வேண்டியதில்லை. 1960களின் நடுவில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவுக் கருவிக்கு 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அந்த எண் அங்கிருந்து வந்தது, மருத்துவமனையிலிருந்து வரவில்லை. இப்போது நாலாயிரம் நடக்கிறீர்கள் என்றால் ஐயாயிரமாக்குங்கள். கடிகாரம் திட்டினால் அந்த அறிவிப்பை அணைத்துவிடலாம்.

கேள்வி: என் மாமியாருக்கு வயது 71. இரத்த அழுத்தம், கொழுப்பு, நீரிழிவு மூன்றுக்கும் மாத்திரை. எல்லாவற்றையும் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். சில நாள் மறந்துவிடுகிறார், சில நாள் போட்டதையே மறந்து மறுபடியும் போடுகிறார். நான் நினைவூட்டினால், 'எனக்கு என்ன புத்தி பேதலித்துவிட்டதா?' என்று கோபிக்கிறார்.
வாசகி, பிறை

பதில்: அவருடைய கோபம் நியாயமானது, உங்கள் கவலையும் நியாயமானது. மருமகள் நினைவூட்டுவதற்குப் பதிலாக ஒரு பொருள் நினைவூட்டினால் இருவருக்கும் மரியாதை கெடாது. மருந்துக் கடைகளில் ஏழு நாளுக்கும் காலை, இரவு என்று பிரித்த மாத்திரைப் பெட்டி சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. பெரும்பாலும் அதில் கிழமைகள் ஆங்கிலத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த என் அம்மாவுக்கு அப்படிப்பட்ட பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் அதில் ஊசி நூல் போட்டு வைத்திருந்ததை ஆறு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். உணவியல் ஆலோசகரின் வீட்டு இலட்சணம் அது. பிறகு வெள்ளைத் தாளில் ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று பெரிதாக எழுதி ஒட்டியதும் அவர் ஒரு நாளும் தவறவிடவில்லை. அறை திறந்திருந்தால் போட்டாயிற்று, மூடியிருந்தால் போடவில்லை. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பெட்டியை அவர் நாள்தோறும் தவறாமல் செய்யும் ஒரு வேலைக்குப் பக்கத்தில் வையுங்கள். காலையில் சாமி விளக்கு ஏற்றுபவர் என்றால் தீப்பெட்டிக்கு அருகில் வைக்கலாம். உணவோடு போட வேண்டிய நீரிழிவு மாத்திரை மட்டும் சாப்பாட்டு மேசையில் இருக்கட்டும். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்பதை அடுத்த முறை மருந்து வாங்கும்போது மருந்தகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உறையிலிருந்து பிரித்து வைக்கக்கூடாத மாத்திரை ஏதேனும் உண்டா என்றும் அப்போதே கேளுங்கள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது என்பதை அவரிடம் நீங்கள் சொல்வதைவிட மருந்தாளர் சொன்னால் எடுபடும். ஆகவே அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெட்டியை நிரப்பும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரே நிரப்பட்டும், நீங்கள் அருகில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் போதும்.